ஓடிப்போனவர்கள்: கூலி ஒப்பந்தத்திலிருந்து பெர்மிட் வரை

எங்கள் தாமானில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு தேநீர் குடிப்பது எனக்குப் பழக்கம். அங்கே ரொட்டி போடும் அண்ணனுக்குச் சிவகங்கைப் பக்கம் ஊர். ஒருநாள் தெருமுனையில் இமிகிரேசன் லாரி நிற்பதாக யாருக்கோ வாட்சாப் வந்தது. கல்லில் கிடந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு அண்ணன் பின்கதவு வழியாகப் போனார். திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆனது. கருகிப்போன கல்லைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் படகுல வரலீங்க தம்பி. ஃபிளைட்லதான் வந்தேன், பெர்மிட்டோடதான் வந்தேன். மொத மொதலாளிகிட்டேருந்து ஓடிட்டேன், அவ்வளவுதான்."

ஊரில் ஏஜெண்டிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டிய கடன். இங்கே வந்ததும் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. பாஸ்போர்ட் முதலாளியின் மேசை டிராயரில். நாலு மாதச் சம்பளம் நின்றதும் ஒரு விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த நிமிடத்தில் அவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிவிட்டார். எல்லையைத் தாண்டி அல்ல, ஒரு கடையின் வாசலைத் தாண்டி.

சட்டவிரோதக் குடியேற்றம் என்றதும் நமக்கு இருட்டில் வரும் படகுதான் ஞாபகம் வருகிறது. படகில் வந்தவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களில் ஏராளமானோர் முறையாக வந்து, பிறகு முறை தவறியவர்கள். அவர்களை எல்லோரும் குறிப்பிடும் சொல் ஒன்றுதான்: 'லாரி'. மலாயில் ஓடினான் என்று அர்த்தம். தமிழில் 'ஓடிட்டான்'. இந்தச் சொல்லை நான் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன். நம் தாத்தா பாட்டிகளைப் பற்றிய பழைய தோட்ட வரலாற்றில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்குக்கும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்த தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் செலவை முதலாளி முன்பணமாகக் கட்டுவார். அது கூலியின் தலையில் கடனாக ஏறும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை, கடன் தீரும்வரை, அவன் அந்தத் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் அது குற்றம். இன்றைக்கு வேலையை விட்டு நின்றால் முதலாளி கோபப்படுவார், அதிகம் போனால் ஒரு மாதச் சம்பளம் பிடிப்பார். அன்றைக்கு அபராதம், சிறை. ஓடிப்போன கூலியைப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் அதே தோட்டத்தில் விட முடியும்.

அப்படியும் ஓடினார்கள். காரணம் எளிது. பக்கத்துத் தோட்டத்தில் கூடுதல் கூலி கிடைத்தது. காப்பியும் பிறகு ரப்பரும் வளர வளர ஆள் பற்றாக்குறை பெருகியது. முன்பணம் கட்டிக் கப்பலில் ஆள் கொண்டுவர ஒரு தொரைக்குச் செலவு. அந்த ஆளுக்கு ரெண்டு காசு கூடக் கொடுத்து இழுத்துக்கொள்ள இன்னொரு தொரைக்குச் செலவே இல்லை. ஆள் கொண்டுவந்தவன் ஏமாந்தான், ஆள் பிடித்தவன் லாபம் பார்த்தான். எனவே ஆள் கொண்டுவந்தவன் தன் கூலியை இன்னும் இறுக்கிக் கட்டினான். கட்டக் கட்ட அவன் ஓடினான். இந்தச் சுழல் பல வருடம் ஓடியது.

இதற்கு ஆட்சியாளர்கள் கண்ட தீர்வு 1907இல் வந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்று பெயர். பிறகு இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. தென்னிந்தியத் தொழிலாளியை வேலைக்கு வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும், யார் கொண்டுவந்த ஆளாக இருந்தாலும் சரி, அவன் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு ஒரு பொதுப் பெட்டியில் பணம் கட்ட வேண்டும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து கப்பல் செலவெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து போகும். வருகிறவன் தலையில் கடன் இல்லை. ஆள் பிடித்தவனும் ஆள் கொண்டுவந்தவனும் ஒரே அளவுக்குக் கட்டுவதால், இழுத்துக்கொள்வதில் பெரிய லாபமும் இல்லை.

1910இல் ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் முடிவுக்கு வந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வேலையை விட்டுப் போவதற்கான தண்டனைகளும் தொழிலாளர் சட்டத்திலிருந்து விலகின. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம். 'ஓடிப்போன கூலி' என்ற ஆளே சட்டத்தில் இல்லாமல் போனான். அவனைப் பிடித்து அடைத்துத் தீர்த்த பிரச்சினை இல்லை இது. அவன் ஓடத் தேவையில்லாமல் செய்து தீர்த்த பிரச்சினை.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. இந்த நிதி தோட்டக்காரர்களின் வசதிக்காக வந்தது. கடன் இல்லாத ஆள்களை வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்து குவித்தால் கூலி ஏறாது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆளைப் பிடித்துவரும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். தினமும் வேலைக்கு வரும் ஆள்களுக்குத் தலைக்காசு. சொந்தக் கிராமத்து ஆளாகவே இருந்தாலும் லயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்ததும், அதே நிதியின் காசில் பல்லாயிரக்கணக்கானோர் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தேவைப்பட்டால் அழைப்பது, தேவை தீர்ந்தால் அனுப்புவது. அந்தப் புத்தி அன்றும் இருந்தது.

ஆனாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்தில் வந்த தமிழன் ஏழையாக இருந்தான், அவமானப்பட்டான். ஆனால் தோட்டம் மாறியதற்காக 'சட்டவிரோதமானவன்' ஆகவில்லை. கூலி சரியில்லை என்றால் நடந்து போகிற உரிமை அவனுக்கு இருந்தது. அந்த உரிமை எவ்வளவு பெரியது என்று ரொட்டி போடும் அண்ணனிடம் கேட்டால் தெரியும்.

1930களில்தான் மலாயாவின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. முதலில் சீனர்களுக்கு. 1930இல் சீனாவிலிருந்து வரும் ஆண் தொழிலாளர்களுக்கு மாதாந்திர ஒதுக்கீடு வந்தது. பெண்களுக்கு வரம்பு இல்லை. என்ன நடந்தது? ஆண்களுக்கான டிக்கெட் விலை ஏறியது. அடுத்த எட்டு வருடங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் வந்து இறங்கினார்கள். 1938இல் அவர்களுக்கும் வரம்பு வைத்தார்கள். ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் போகும் என்பதை மலாயா அன்றே பார்த்துவிட்டது. அதே 1938இல் தோட்டக் கூலி ஐம்பது காசிலிருந்து நாற்பத்தைந்து காசாகக் குறைக்கப்பட, இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. போருக்குப் பிறகு 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், புதிதாகக் கூலி வேலைக்கு வருகிறவர்களுக்கு வாசலை ஏறக்குறைய முழுவதுமாகச் சாத்தியது.

சாத்திய கதவு வெளியே நிற்பவனை மட்டும் தடுப்பதில்லை. உள்ளே இருப்பவனையும் ஒருநாள் கேள்வி கேட்கும். அது 1969இல் நடந்தது.

1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. குடியுரிமை இல்லாதவர்கள் குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய வேலை பெர்மிட் எடுக்க வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது கறாராக அமலானது. தோட்டத்தில் அப்போது நீல ஐசி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், சிவப்பு ஐசி வைத்திருந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும், மொழி தெரிய வேண்டும், டவுனுக்குப் போய் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். கிராணி ஃபாரம் எழுதித் தருவார் என்று காத்திருந்தே காலம் போனவர்கள் பலர். என் பாட்டி அப்படி ஒருவர். கெடாவில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். முப்பது வருடமாகச் செய்த வேலையைத் தொடர்ந்து செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொன்னபோது, "மரத்துக்கு என்னைத் தெரியாதாடா?" என்று கேட்டாராம். வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

பெர்மிட் கிடைக்காமலும், இனிக் கிடைக்காது என்ற பயத்திலும் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ரஜுலா கப்பலில் போனவர்களில் பலருக்கு அங்கே நிலமும் இல்லை, வீடும் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் அங்கே போய் அந்நியரானார்கள்.

சரி, அந்த வேலைகள் உள்ளூர் ஆள்களுக்குக் கிடைத்தனவா? தோட்டத்து இளைஞர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. பால் மரத்துக்கும் செம்பனைக்கும் ஆள் இல்லை. குத்தகைக்காரர்கள் சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். ராத்திரியில் மலாக்கா நீரிணையைத் தாண்டும் படகு, படகுக்கு ஒரு தெக்கோங், கரையில் ஒரு லாரி. பெர்மிட் இல்லை என்று நம்மை அனுப்பிய இடத்தில், பெர்மிட்டே இல்லாதவர்கள் வந்து நின்றார்கள். கொள்கை எதைத் தடுக்க வந்ததோ அதையே உண்டாக்கிய முதல் பெரிய பாடம் நமக்கு இதுதான். அந்தப் பாடத்துக்கான விலையில் ஒரு பங்கு நம் ஆள்கள் கொடுத்தது.

அதன் பிறகு நடந்தது ஒரே கதையின் திரும்பத் திரும்ப வரும் பதிப்புகள். 1984 மே மாதம் இந்தோனேசியாவும் மலேசியாவும் மேடான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் முறைப்படி ஆள் வர ஒரு வழி. ஆனால் அந்த வழியில் ஃபாரம் அதிகம், செலவு அதிகம், காத்திருப்பு அதிகம். தெக்கோங் அடுத்த வாரமே கொண்டுவந்து விடுவான், செலவும் குறைவு. மக்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1991இன் இறுதியில் பதிவு இயக்கம் தொடங்கியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். கூடவே எல்லையில் ஒப்ஸ் ஞா ஒன்று, 1992 ஜூலையில் நாட்டுக்குள் ஒப்ஸ் ஞா ரெண்டு. 2002இல் சட்டம் கடுமையானது: 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை. 2004 கடைசியில் பொதுமன்னிப்பு. லட்சக்கணக்கானோர் கிளம்பிப் போனதும் கட்டுமானத் தளங்கள் காலியாகி, 2005இல் போனவர்களையே திரும்ப வரச் சொல்லும் நிலை. 2011இல் 6பி திட்டம். அதில் பதிந்த பெர்மிட் இல்லாதவர்கள் மட்டும் சுமார் 13 லட்சம் பேர். 2016இல் மறுவேலைத் திட்டம், ஏழு லட்சத்துக்கும் மேல். 2019இல் காசு கட்டிவிட்டு ஊருக்குப் போகும் திட்டம். 2020இல் மறுபடி ஒரு பதிவு. 2023இல் அதன் இரண்டாம் பாகம்.

ஒவ்வொரு முறையும் தொட்டியைத் துடைக்கிறோம். குழாயை யாரும் திருகவில்லை. குழாய் எங்கே இருக்கிறது?

முதலில் கடன். வருவதற்கே பல மாதச் சம்பளம் ஏஜெண்டுகளுக்குப் போகிறது. கடனோடு வருகிறவன் குறைந்த சம்பளத்தைச் சகிக்க முடியாது, வெறும் கையோடு திரும்பவும் முடியாது. அடுத்து லெவி. தீபகற்பத்தில் தொழிற்சாலை, கட்டுமானம், சேவைத் துறைகளில் ஆளுக்கு வருடத்துக்கு 1,850 ரிங்கிட். இதை முதலாளி கட்ட வேண்டும் என்று 2009இல் சொன்னார்கள், 2013இல் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கலாம் என்றார்கள், 2018இலிருந்து மறுபடியும் முதலாளி. சட்டம் ஊஞ்சல் ஆடும்போது கீழே நிற்பவன் தலையில்தான் இடிக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, பெர்மிட்டில் முதலாளியின் பெயர் எழுதியிருப்பது. தற்காலிக வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளிக்கு உரியது. மாறுவது விதிவிலக்கு, அதற்கும் மேலிடத்து ஒப்புதல். அந்த முதலாளி சம்பளம் தராவிட்டால், அடித்தால், கடையை மூடினால் தொழிலாளிக்கு மூன்று வழி: சகித்துக்கொள், ஊருக்குப் போ, ஓடு. நாலாவதாக வழக்குப் போடலாம். வழக்கு முடியும்வரை இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டும், மாதம் 100 ரிங்கிட், அதில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராததற்காக வழக்குப் போட்டவன், சம்பளம் இல்லாமல் மாதாமாதம் காசு கட்டி வழக்கு நடத்த வேண்டும். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அந்த டிராயர் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

அதாவது, 1910இல் நாம் ஒழித்த ஒப்பந்தக் கூலி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. கடனும் இருக்கிறது, கட்டும் இருக்கிறது, ஓடினால் தண்டனையும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலியிடமாவது நீ இந்த நாட்டில் இருப்பதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

வேறு மாதிரி செய்ய முடியுமா? தென்கொரியா ஒரு உதாரணம். 1990களில் அங்கே 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். இடைத்தரகர்களுக்குப் பெரும் கமிஷன், பயிற்சியாளர் என்பதால் குறைந்த சம்பளம். பெர்மிட் இல்லாமல் வெளியே வேலை செய்தால் கூடுதல் சம்பளம். ஓடினார்கள். 2002 வாக்கில் அங்கிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பத்திரம் இல்லாதவர்கள். 2003இல் சட்டத்தை மாற்றி, 2004இலிருந்து அரசுக்கும் அரசுக்கும் இடையில் மட்டும் ஆள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். மொழித் தேர்வு, உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ள அதே குறைந்தபட்ச ஊதியம், காரணம் இருந்தால் மூன்று வருடத்தில் மூன்று முறை வரை இடம் மாறலாம். பத்திரமில்லாதவர்களின் விகிதம் பெரிதும் இறங்கியது. இடம் மாறும் உரிமை இன்னும் குறுகியது என்று அங்குள்ள தொழிலாளர் அமைப்புகள் இன்றும் சண்டை போடுகின்றன. ஆனாலும் திசை சரி.

நாமும் முயன்றோம். 2012இல் வங்காளதேசத்தோடு ஏஜெண்ட் இல்லாத ஏற்பாடு. செலவு பெரிதும் குறைந்தது. ஆனால் அந்த வழியாக வந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்தான். மாணவர் விசா, சுற்றுலா விசா, கடல் என்று மற்ற வழிகளெல்லாம் திறந்தே இருந்தன. கமிஷன் சாப்பிட்டுப் பழகிய இரண்டு பக்கத்துக்கும் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. 2016இல் பத்து ஏஜென்சிகளின் கைக்குப் போனது, 2018இல் நிறுத்தப்பட்டது. 2021இல் மறுபடி ஒப்பந்தம். 2024 மே 31 கெடு முடிந்தபோது, காசெல்லாம் கட்டிவிட்டு விமானம் ஏற முடியாமல் டாக்காவில் நின்றவர்கள் சுமார் 17,000 பேர். 2018இல் முன்னாள் நீதிபதி ஹிஷாமுடின் தலைமையில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிர்வாகத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அறிக்கையும் கொடுத்தார்கள். மக்கள் கையில் அந்த அறிக்கை வரவே இல்லை.

தொழிலாளி முதலாளியை மாற்றலாம் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "நான் செலவு பண்ணிக் கொண்டுவந்த ஆளை அடுத்த கடைக்காரன் இழுத்துட்டுப் போனா நான் என்ன பண்றது?" நியாயமான கேள்வி. இது 1900இல் தொரைமார் கேட்ட அதே கேள்வி. பதிலும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. ஒரு பொதுப் பெட்டி. ஆள் வைத்திருக்கும் எல்லோரும் வேலை நாளுக்கு ஏற்பக் கட்டட்டும், பயணச் செலவு அதிலிருந்து போகட்டும், ஏஜெண்டுக்கு இடமில்லாமல் போகட்டும். பெர்மிட் ஒரு முதலாளிக்கு என்று இல்லாமல் ஒரு துறைக்கு என்று இருக்கட்டும். ஆனால் அந்தப் பெட்டியின் சாவி முதலாளிகள் கையில் மட்டும் இருக்கக் கூடாது. 1907இல் செய்த தவறு அது.

இன்னொரு கேள்வியும் வரும். அது நம் வீட்டுக்குள்ளிருந்து வரும். "அவனுங்க வந்துதானே தோட்டத்துல நம்ம சம்பளம் படுத்துச்சு?" என் பெரியப்பா இதைச் சொல்லாத தீபாவளி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. 1970களிலும் 80களிலும் குத்தகைக்காரன் இந்தோனேசியரைக் காட்டித்தான் நம் ஆள்களின் கூலியை அமுக்கினான். ஆனால் அந்த இந்தோனேசியர் ஏன் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்? வாயைத் திறந்தால் குத்தகைக்காரன் போலீஸைக் கூப்பிடுவான். சங்கத்தில் சேர முடியாது, வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. பயந்தவன் பக்கத்தில் நிற்பதால்தான் பயப்படாதவனின் கூலியும் இறங்கியது. அவருக்குப் போகிற உரிமை இருந்திருந்தால் குத்தகைக்காரன் இருவருக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டி வந்திருக்கும். போன தீபாவளிக்கு இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது சரி, ஆனா எங்களுக்காக அப்ப யார்டா பேசினா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாட்டியின் சிவப்பு ஐசி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பாட்டி பெர்மிட் எடுத்தார், இங்கேயே இருந்தார், இங்கேயே இறந்தார். நீல ஐசி கடைசிவரை கைக்கு வரவில்லை. அந்த அட்டையை ஒருநாள் ரொட்டி அண்ணனிடம் காட்டினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பாட்டிம்மா எத்தனை வருசம் இங்க வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். நாற்பத்தி ரெண்டு என்றேன். அட்டையைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த ரொட்டிக்கு மாவை எடுத்தார்.